தன்னைப் பூட்டிக்கொண்ட பற்றரி

இந்த வீட்டில் நான் விருந்தாளி. பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆம்பிளை கல்யாணம் முடித்து, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வளவுக்குள் வந்து சேருவான். நானும் அப்படித்தான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் இந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தேன். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், வேலியில் ஒரு கம்பு மாற்றுவதென்றால் மனைவியிடம் கேட்டுத்தான் மாற்றுவேன். "மாத்துங்களன், என்னட்ட என்ன கேள்வி" என்பாள். கேட்காமல் மாற்றினால் தெரியும் சங்கதி.

வளவுக்குள் இரண்டு வீடுகள். முன்னுக்கு இருப்பது எங்களுடையது. பின்னுக்கு, தென்னைகளுக்கு அங்கால் இருப்பது மனைவியின் தங்கையுடையது. தாய் இறந்தபோது தங்கைக்கு நடை பழகுகிற வயது. இவள்தான் தூக்கி வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை இவள் முகத்தில் தெரியாமல் இருந்ததற்குத் தங்கைதான் காரணம். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை எடுக்க ஏலாது என்பதால், வீடு கட்டுவதற்காகத் தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வீடு எழும்பியது. ஓடு போட்டு, சீமெந்து பூசி, நீல வர்ணமும் அடித்தாயிற்று. ஒரு தடவை லீவில் வந்தபோது புதுப் பிரிஜ் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். கல்யாணம்தான் அமையவில்லை. வயது போய்விட்டது. அவள் அங்கேயே வேலையைத் தொடர்ந்தாள். வீடு இங்கே பூட்டிக் கிடந்தது.

பூட்டிக் கிடந்தாலும் இருட்டில் கிடக்கக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். பொழுதுபட முன்னம் போய், சாமிப்படத்துக்கு முன்னால் உள்ள பல்பைப் போட்டுவிட்டு வருவாள். குமர்ப்பிள்ளையின் வீடு இருண்டு கிடந்தால் அவளுக்கு ஆகாதாம். குமர்ப்பிள்ளைக்கு அப்போதே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அதை நான் சொன்னால் ஒரு நாளைக்குச் சாப்பாடு கிடைக்காது.

பிறகு இவளுக்கு வருத்தம் வந்தது. இருமல் என்றுதான் தொடங்கியது. கசாயம் குடித்தாள், கிளினிக்குக்குப் போனாள், படம் எடுத்தாள். நுரையீரல் தழும்பு பிடித்துச் சுருங்கிக்கொண்டு போகிறது, அதை நிறுத்த மருந்தில்லை, மெதுவாக்கலாம் என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் நான் பாதியைத்தான் சொன்னேன். மிச்சத்தை அவள் என் முகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டாள். கொஞ்சக் காலத்தில், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மிசின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு குழாய் அவள் மூக்குக்குப் போகும். இரவு பகல் ஒரே உறுமல், இடைக்கிடை ஒரு 'புஸ்'. வீட்டுக்குள் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்தது போலத்தான் இருந்தது. முதல் கிழமை எனக்கு நித்திரையே இல்லை. பிறகு அந்தச் சத்தம் நின்றால்தான் நித்திரை கலையும்.

நாட்டில் எண்ணெயும் இல்லை, காஸும் இல்லை என்று கரண்டை மணிக்கணக்கில் வெட்டினார்களே, அந்தக் காலத்தில்தான் எங்கள் பாடு தொடங்கியது. கரண்ட் போனால் மிசின் நிற்கும். மிசின் நின்றால் இவள் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, தோளை ஏற்றி இறக்கி மூச்சுக்குப் போராடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுசன் சும்மா நிற்கக்கூடாது. நான் நின்றேன். வேறு என்ன செய்ய? விசிறியால் விசிறினேன். ஒரு நாள் தங்கை வீடியோ கோலில் இதைப் பார்த்துவிட்டாள். அடுத்த மாதம் ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி லொறியில் சோலர் தகடுகளோடு வந்து இறங்கினார். தங்கை அங்கிருந்தே எல்லாம் ஒழுங்கு பண்ணியிருந்தாள்.

கூரையில் தகடுகள், விறாந்தைச் சுவரில் இன்வேர்ட்டர், அதற்குக் கீழே அலுமாரித் தட்டு அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதுதான் லித்தியம் பற்றரி. அந்தத் தம்பி எனக்கு வடிவாகச் சொல்லித் தந்தார். "அண்ணன், இது பழைய தண்ணி பற்றரி மாதிரி இல்ல. கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்ச விடாது. ஒரு அளவுக்குக் கீழ போனா தன்னப் பூட்டிக்கிரும். அப்ப செத்துட்டெண்டு நினைச்சிராதீங்க." நான் தலையாட்டினேன். கரண்ட் வெட்டினாலும் மிசின் ஓடியது. அதைத் தவிர எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

சோலர் வந்து ஒரு மாதம் ஆகவில்லை, இவள் தொடங்கிவிட்டாள். தங்கை அனுப்பிய வெளிச்சம் தங்கை வீட்டில் எரியாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? நானும் ஊரில் வயரிங் செய்யும் ஒருவனைக் கூப்பிட்டு, பின் வீட்டுக்கு ஒரு லைன் இழுப்பித்தேன். எங்கள் மெயின் சுவிட்சுக்குள்ளால் கொண்டு போனால் சுவர் உடைக்க வேண்டுமாம். அவன் இன்வேர்ட்டரிலிருந்தே நேராக எடுத்து, ஓட்டுக்குக் கீழால் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு பல்ப்தானே, எரிந்தபடி கிடக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பல்போடு நிற்கவில்லை. வயர் இழுத்தவனைக் கொண்டே அந்தப் பிரிஜையும் இவள் ஓட விட்டிருந்தாள். வெறும் பிரிஜ்! உள்ளே ஒன்றும் இல்லாமல் அது பாட்டுக்கு உறுமுவது குசினி யன்னலுக்கு வெளியிலேயே கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னகா, ஆரு குடிக்கிறதுக்கு அங்க தண்ணி குளிருது?" என்று கேட்டேன். 'என்னகா' என்றுதான் நான் இவளைக் கூப்பிடுவது. "ஓடாமக் கிடந்தா பழுதாப் போயிரும். புள்ள வந்து திறக்கக்குள்ள மணக்குமெல்லா" என்றாள். நாலைந்து நாள் இதே பாட்டு. பற்றரி உனக்காகத்தான் வந்தது, பிரிஜுக்காக இல்லை என்று கத்தினேன். ஒரு நாள் விடிய, "சரி, ஆள் விட்டு நிப்பாட்டிட்டன். இப்ப காணுமா?" என்றாள். எனக்கு அது போதும். முப்பத்தைந்து வருடம் அவளோடு வாழ்ந்தவன், அவள் இவ்வளவு லேசாகத் தோற்றதைப் பார்த்தாவது யோசித்திருக்க வேண்டும்.

மாரி தொடங்கியது. அந்த வருடத்து மழை வழக்கமான மழை இல்லை, புயலோடு வந்தது. தென்னையெல்லாம் தலைவிரித்து ஆடியது. எங்கேயோ கரண்ட் கம்பங்கள் சாய்ந்து ஊரே அணைந்தது. வாவி ஏறி வயல் வட்டைக்குள் வந்து, வட்டை ஏறி ரோட்டுக்கு வந்து, ரோடு எது, வயல் எது என்று தெரியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை முழுக்கத் தண்ணீர். உழவு மெசின்கூடப் போக ஏலாது, தோணி விடுவதற்கும் காற்று விடாது என்றார்கள். எங்கள் வளவு கொஞ்சம் மேடு. முற்றத்தில் கணுக்கால் அளவுதான் நின்றது.

நான் பதறவில்லை. வெள்ளைப் பெட்டி இருக்கிறதே! வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினேன். மிசின் மட்டும் ஓடியது. சங்கக்கடையில் சீனி பங்கிட்ட மூளையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மப்பு வெயிலிலும் தகடு கொஞ்சம் தரும், பற்றரி மிச்சத்தைப் பார்க்கும், எப்படியும் தாக்குப்பிடிக்கும். முதல் நாள் தாக்குப்பிடித்தது. இரண்டாம் நாள் பகல் முழுக்கச் சூரியன் எட்டியும் பார்க்கவில்லை. பற்றரி என் கணக்கை விட வேகமாக இறங்கியது. மூன்றாம் நாள் விடிந்து, அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது, 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் நான் அறைக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் கையிருப்புக்கு என்று ஒரு சின்ன ஒட்சிசன் சிலிண்டர் தந்திருந்தார்கள். அதைப் பூட்டிக்கொடுத்தேன். பக்கத்து வளவுப் பிள்ளை ஒருத்தி தண்ணீருக்குள்ளால் வந்து அவளோடு இருந்தாள். சிலிண்டரில் உள்ளது மத்தியானம் வரைக்கும் வரும், மிஞ்சினால் பின்னேரம். அதற்குள் பற்றரியை எழுப்ப வேண்டும். வேறு வழி இல்லை.

எழுப்புவது என்றால் எப்படி? இன்வேர்ட்டரின் பொத்தானை அமத்தினேன், ஒன்றும் இல்லை. பற்றரியின் பொத்தானை அமத்தினேன். ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண்ணடித்துவிட்டுப் படுத்தது. போனில் சிக்னல் கிணற்றுக் கட்டில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அதில் ஏறி, ஒரு கையால் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு, ஏறாவூர்த் தம்பிக்கு எடுத்தேன். பல தடவை எடுத்த பிறகு கிடைத்தார். அவருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீராம். பிள்ளைகளை மேசையில் ஏற்றி வைத்திருக்கிறாராம். அந்த நிலையிலும் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணன், பற்றரி சாகல்ல. பூட்டிக்கிட்டு. வெளியால இருந்து கொஞ்சம் சார்ஜ் குடுத்தாத்தான் திறக்கும். இப்ப ஒங்களுக்கு வெளியால இரிக்கிற ஒரே சாமான் சூரியன்தான்."

"சூரியன் எங்க தம்பி இரிக்கு?"

"வரும் அண்ணன். வந்த உடன இன்வேர்ட்டர் தகட்டுக் கரண்டிலயே எழும்பும். எழும்பிப் பற்றரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளும். அது தள்ளக்குள்ள வேற ஒண்டுமே கரண்ட் எடுக்கப்படா. மெயின நிப்பாட்டுங்க. பற்றரி திறந்தாலும் அவசரப்பட்டு மிசினப் போட்டுராதீங்க. இருவது வீதத்துக்கு ஏறட்டும். இல்லாட்டி திரும்பவும் விழுந்துரும். இன்ஷா அல்லாஹ் வரும்."

மெயின் சுவிட்சை இறக்கினேன். விறாந்தையில் கதிரையைப் போட்டு, வானத்தைப் பார்த்தபடி இருந்தேன். என் வாழ்க்கையில் சூரியனை அப்படிக் கேட்டதில்லை. பொங்கலுக்குக்கூட நான் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமாங்கேஸ்வரருக்கு நேர்ந்தேன். அவர் கோயில் இருக்கும் அமிர்தகழிக்கு நடந்தே வருகிறேன் என்றேன். என் முழங்கால் இருக்கிற இருப்பில் அது சும்மா நேர்த்தி இல்லை.

மேகம் கொஞ்சம் விலகியது. முற்றத்துத் தண்ணீரில் வெளிச்சம் விழுந்தது. இன்வேர்ட்டரின் கண்ணாடி மின்னி எழுத்துகள் வந்தன. தகடு கரண்ட் தருகிறது என்று காட்டியது. பற்றரியின் படம் விட்டு விட்டு எரிந்தது. எழும்பிவிட்டது! நான் அறைப்பக்கம் திரும்பி, "வருது, வருது" என்று கத்தினேன். கத்தி முடியவில்லை, 'டக்'. எல்லாம் இருண்டது.

மேகம் மறைத்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வெயிலுக்கு மறுகா எழும்பியது, மறுகா விழுந்தது. இன்னொரு தடவையும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் விழுவதற்குச் சற்று முன்னம், வீடு எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று காட்டும் இடத்தில் ஓர் எண் துள்ளியது. வீட்டில் எதுவுமே ஓடவில்லை. மெயின் கீழே கிடக்கிறது. எந்தப் பேய் எடுக்கிறது? சுவரில் ஒரு குத்து விட்டேன். கைதான் நொந்தது.

திரும்பவும் கிணற்றுக் கட்டு. போனில் சார்ஜ் சாகக் கிடந்தது.

"வேற லைன் ஏதும் இரிக்கா அண்ணன்? மெயினுக்குள்ளால போகாம?"

"பின் வீட்டுக்கு ஒண்டு போகுது தம்பி. ஒரு பல்புதான்."

"விழக்குள்ள எவ்வளவு காட்டுது?"

சொன்னேன்.

"அது பல்பு இல்ல அண்ணன். ஒரு மோட்டர் எடுக்குது. பாருங்க, நல்லாப் பா..."

போன் செத்தது.

மோட்டர் என்றால் கிணற்று மோட்டர்தான். இறங்கி ஓடிப் போய் அதன் வயரைப் பிடுங்கி எறிந்தேன். வெயில் வந்தது, எழும்பியது, விழுந்தது. நான் விறாந்தையில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பற்றரியை, புயலை, வயர் இழுத்தவனை, எங்கேயோ ஒளிந்திருக்கிற அந்த மோட்டரை.

பக்கத்து வளவுப் பிள்ளை அறை வாசலில் வந்து நின்று, "மாமா, மாமி கூப்பிடுறா" என்றாள்.

உள்ளே போனேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"தங்கச்சிட... பிரிஜ்."

"நிப்பாட்டிட்டனெண்டு சொன்ன நீ?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு தலையணைக்குக் கீழே கையை விட்டு, பின் வீட்டுத் திறப்பை எடுத்துத் தந்தாள். கண் நிறைந்திருந்தது. மூச்சுக்காகவா, எனக்காகவா, எதற்காக என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வருவதற்கும் உடம்பில் ஒரு தெம்பு வேண்டும்.

தென்னைகளுக்குள்ளால் தண்ணீரை அளைந்துகொண்டு போய்ப் பின் வீட்டைத் திறந்தேன். வருடக்கணக்காக நான் உள்ளே போகவில்லை. பூட்டின வீடு மாதிரியே இல்லை. நிலத்தில் தூசி இல்லை. யன்னல் சீலை தோய்த்துப் போட்டிருந்தது. குசினிக்குள் பிரிஜ் நின்றது. அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கதிரையில் அவளுடைய பழைய சால்வை.

கதிரை ஏன் அங்கே கிடந்தது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் காலையில் சாமான் வாங்கப் போகிற நேரத்தில் அவள் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு இங்கே வந்திருக்கிறாள். கட்டிலிலிருந்து வாசலுக்குப் போகவே நின்று நின்று போகிறவள், ஒட்சிசன் இல்லாமல், தென்னை தென்னையாகப் பிடித்துப் பிடித்து இவ்வளவு தூரம் வந்து, இந்தக் கதிரையில் இருந்து, மூச்சு திரும்பும் வரைக்கும் காத்திருந்து, வீட்டைத் துடைத்து, மறுபடி நடந்து போயிருக்கிறாள். நான் வீடு திரும்பும்போது குழாய் மூக்கில் இருக்கும். "என்ன சாமான் விலையாம்?" என்று கேட்பாள்.

பிரிஜைத் திறந்தேன். உள்ளே ஒரு சட்டி எருமைத் தயிர். வாழையிலையால் மூடிக் கட்டியிருந்தது. அந்த மாதம் லீவு கிடைக்கும், வருகிறேன் என்று தங்கை சொல்லியிருந்தாள். குவைத்தில் தயிர் இருக்கிறதாம், ஆனால் எருமைத் தயிர் இல்லையாம், வந்து இறங்கினதும் அதுதான் வேணும் என்றாளாம். லீவு வழக்கம் போலத் தள்ளிப் போயிற்று. தயிர் இருந்தது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். அந்தக் குசினியில் நின்று அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

விறாந்தைக்கு வந்தபோது வெயில் நன்றாக எறித்தது. புயலுக்குப் பிறகு வரும் கழுவின வெயில். இன்வேர்ட்டர் எழும்பியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரண்ட் எடுக்கும் இடத்தில் சைபர். பற்றரியின் படம் விட்டு விட்டு எரிந்தது, நிற்கவில்லை. பிறகு வெள்ளைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம், உள்ளே யாரோ தாழ்ப்பாளை எடுத்தது போல. சிவப்பு விளக்கு போய்ப் பச்சை வந்தது. படம் விடாமல் எரிந்தது. சார்ஜ் ஏறத் தொடங்கியது.

இருபதுக்கு ஏறட்டும் என்று தம்பி சொன்னாரே, நான் நின்றேன். எண் ஒவ்வொன்றாக ஏறியது. சந்தையில் பேரம் பேசுகிறவன் மாதிரி அசைந்து அசைந்துதான் ஏறியது. பிள்ளை அறையிலிருந்து, "மாமா, சிலிண்டர் முடியுது" என்றாள். எண்ணைப் பார்த்தேன், இருபதில் பாதிகூட இல்லை. மிசினைப் போட்டு மறுபடி விழுந்தால் இன்னொரு தடவை எழுப்ப அவளுக்கு நேரம் இல்லை. போடாவிட்டாலும் நேரம் இல்லை. இப்படி ஒரு தராசை என்னிடம் யாரும் தந்ததில்லை. வானத்தைப் பார்த்தேன். சூரியனுக்குக் கிட்ட மேகம் இல்லை. மெயினைத் தூக்கினேன்.

மிசின் உறுமியது. நான் இன்வேர்ட்டரை விட்டு அசையவில்லை. எண் ஒரு படி இறங்கியது, நின்றது, பிறகு ஏறியது. தகடு மிசினுக்கும் கொடுத்து, பற்றரிக்கும் கொடுத்தது. நான் அறைக்குப் போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தோள் ஏறி இறங்குவது குறைந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே, "தயிர் பழுதாப் போயிட்டா?" என்று கேட்டாள்.

"இல்ல, நல்லாத்தான் கிடக்கு."

"அப்ப நீங்க தின்னுங்க. புள்ளைக்கு வேற வாங்குவம்."

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. உழவு மெசின் பெட்டியில் மெத்தை போட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த நாள்களில் அவள் பட்ட பாடு நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. மார்கழி முடிய முன்னம், கரண்ட் ஒரு தடவையும் போகாத ஆஸ்பத்திரி வாட்டில், சுவரிலிருந்து ஒட்சிசன் தாராளமாக வந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

தங்கைக்கு லீவு கொடுக்கவில்லை. செத்தவீட்டை யாரோ போனில் பிடித்துக் காட்ட, அவள் அங்கே ஒரு குளியலறைக்குள் பூட்டிக்கொண்டிருந்து பார்த்தாளாம். பிறகு எனக்கு எடுத்து, "அத்தான், பற்றரி போதாமப் போயிட்டா? இன்னும் ஒண்டு பெருசா அனுப்பியிருக்கணும் நான். ஏன் எனக்கு அது விளங்காமப் போச்சு?" என்று அழுதாள். காணும் புள்ள, நீ அனுப்பினது காணும், புயல்தான் கூடிப்போச்சு என்றேன். பிரிஜைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இனியும் திறக்கமாட்டேன். அவள் இதைப் படிக்க வாய்ப்பில்லை, அவளுக்கு வாசிக்கப் பஞ்சி, அப்படி ஒரு சோம்பல்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் மிசினைக் கிளினிக்கில் கொடுத்தேன். அடுத்த ஊரில் ஒருவருக்குத் தேவை என்றார்கள். அரிசி ஆலையில் காலம் முழுக்கத் தவிடு குடித்த நெஞ்சாம். எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் என் கையால் துடைத்துத்தான் கொடுத்தேன்.

பற்றரி இப்போது நன்றாக இருக்கிறது. அது ஒரு நாளும் விழுவதில்லை. விழுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு மின்விசிறி, ஒரு பல்ப், என் போன். பகல் பாதி ஆக முன்னமே நூறு வீதம் என்று காட்டிவிட்டு, பிறகு தகடுகளும் சும்மா வெயில் காய்கின்றன. அந்த நூறைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு எங்கே போனாய் என்று அதனிடம் கேட்கத் தோன்றும்.

போன கிழமை லைன் திருத்துகிறோம் என்று பகல் முழுக்கக் கரண்டை வெட்டினார்கள். வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. அந்த அரிசி ஆலைக்காரரும் அவருடைய மனைவியும் இறங்கினார்கள். அவர் மெலிந்து, ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி மிசினைத் தூக்கிக்கொண்டு, "அண்ணன், உங்கட வீட்டில சோலர் இரிக்காமே, கரண்ட் வாற வரைக்கும் கொஞ்சம்..." என்று இழுத்தார். மிசினை என் கையில் வாங்கிக்கொண்டேன். பிறகு, "உள்ள வாங்க, கட்டில் கிடக்கு" என்றேன்.

அவரைக் கட்டிலில் கிடத்திப் பிளக்கைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் அவருக்கு முகம் தெளிந்தது. மனைவி, மருந்து எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அதே ஓட்டோவில் போனார். நான் குசினிக்குப் போய் அரிசி களைந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிசின் உறுமிக்கொண்டிருந்தது, இடைக்கிடை 'புஸ்' என்றது. எனக்கு உடம்பெல்லாம் இளகியது போல இருந்தது. மனதில் ஒரு பாரமும் இல்லை. வெங்காயம் உரித்தேன். உலை கொதித்தது. இன்னொரு அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டு, அறைப்பக்கம் திரும்பி, "என்னகா, தேத்தண்ணி போடட்டா?" என்று கூப்பிட்டேன்.

மிசின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அறைக்குள்ளிருந்து ஓர் ஆம்பிளைக் குரல், மூச்சு வாங்கி வாங்கி, "எனக்கு வேணாம் அண்ணன்" என்றது.